ஒரு நேச்சுரல் போட்டா தொண்ணூறு பக்கம் நகருது

பெரிய ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர, அதாவது எல்லா வாத்தியத்தோட நோட்டும் ஒண்ணு கீழ ஒண்ணா இருக்கிற இசைத் தாள, நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல டைப் பண்றவங்க எல்லாரும் ஒரு எடத்துல வந்து மாட்டுவாங்க. மொத 50 பார், 60 பார் (பார்னா தாளக் கணக்குல கோடு போட்டு பிரிச்ச ஒரு துண்டு) வரைக்கும் சாஃப்ட்வேர் பட்டு பட்டுன்னு ஓடும், அமுக்கின உடனே நோட் விழும், அடடா இவ்ளோ ஈஸியான்னு ஜாலியா போயிட்டே இருப்போம். 300 தாண்டும்போது லேசா ஒரு இழுவை தெரியும். 500 தாண்டிட்டா ஒரு நோட்ட அமுக்கிட்டு, அது ஸ்க்ரீன்ல வருதான்னு பாத்து, வந்தப்புறம் தான் அடுத்தத அமுக்கணும். அவசரப்பட்டு நாலு சேத்து அடிச்சா கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் நாலும் மொத்தமா வந்து விழும், அதுல ஒண்ணு தப்பான லைன்ல உக்காந்திருக்கும், அன்டூ அடிச்சா அதுக்கு தனியா ஒரு காத்திருப்பு.

எனக்கு இப்போ கையில இருக்கிறது பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனி, கடைசி மூவ்மென்ட். ஒரு கோயருக்காக பண்றேன். பாடறதுக்கு ஆள் நிறைய இருக்காங்க, ஆனா வாசிக்க இருக்கிற ஆர்கெஸ்ட்ரா சின்னது, கான்ட்ராபசூன் கெடையாது, ஹார்ன் நாலு பேர் கெடையாது, ட்ராம்போன் ஒருத்தர் தான். அதனால மொத்த ஸ்கோரையும் டைப் பண்ணிட்டு, அதுக்கப்புறம் யாரோட லைன யாருக்கு குடுக்கலாம்னு பிரிக்கணும். பழைய பிரைட்கோஃப் எடிஷன் பிடிஎஃப் நெட்ல ஃப்ரீயா கெடைக்குது, காப்பிரைட் பிரச்சனை இல்ல, அத ஒரு பக்கம் தொறந்து வெச்சுக்கிட்டு அடிச்சிட்டிருக்கேன்.

இந்த மூவ்மென்ட் எவ்ளோ பெருசுன்னு ஒரு கணக்கு சொல்றேன். மொத்தம் 940 பார். ஸ்டாஃப், அதாவது வாத்தியத்துக்கு வாத்தியம் போடற அஞ்சு கோட்டு வரிசை, எத்தனைன்னு எண்ணினா பிக்கலோ, ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், கான்ட்ராபசூன்னு ஆறு, ஹார்ன் ரெண்டு ஜோடிக்கு ரெண்டு, ட்ரம்பெட் ஒண்ணு, ட்ராம்போன் மூணு, டிம்பனி, அப்புறம் ட்ரையாங்கிள், சிம்பல், பேஸ் ட்ரம், பாடறவங்கள்ல சோலோ நாலு, கோரஸ் நாலு, கடைசில ஸ்ட்ரிங்ஸ் அஞ்சு. ஆக 29. இருபத்தொம்பத 940ஆல பெருக்கினா 27,260. அதாவது சாஃப்ட்வேர் கணக்குல இருபத்தேழாயிரத்து சொச்சம் கட்டம், ஒவ்வொண்ணுலயும் நோட்டோ ரெஸ்ட்டோ (சும்மா இருன்னு சொல்ற குறி) ஏதோ ஒண்ணு இருந்தே ஆகணும். பாதிக்கு மேல வெறும் ரெஸ்ட் தான், ஏன்னா ட்ரையாங்கிள், சிம்பல், பேஸ் ட்ரம் மூணும் 331ஆவது பார்ல மார்ச் ஆரம்பிக்கிற வரைக்கும் வாயே தொறக்கறதில்ல, ட்ராம்போன் 595 வரைக்கும் சும்மா உக்காந்திருக்கு. ஆனா ரெஸ்ட்டும் மெமரில ஒரு பொருள் தான், அதுக்கும் ஒரு எடம், ஒரு அகலம் கணக்கு போட்டாகணும்.

எந்த சாஃப்ட்வேர்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா கீழ கமெண்ட்ல உடனே அதுக்கு மாறு இதுக்கு மாறுன்னு ஆரம்பிச்சுடுவீங்க. எல்லாத்துலயும் இந்த வியாதி கொஞ்சம் கூடவோ கொறையவோ இருக்கு, காரணமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான்.

மொதல்ல ஒண்ணு பிரிச்சுப் பாக்கணும். சவுண்டால வர்ற லேக் வேற, பக்கத்த அடுக்குறதால வர்ற லேக் வேற. ரெண்டையும் போட்டு கொழப்பிக்கிட்டு தான் பாதிப் பேர் காச வேஸ்ட் பண்றாங்க. சாம்பிள் லைப்ரரி போட்டிருந்தா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ரெக்கார்ட் பண்ணி வெச்ச சத்தம் ரேம்ல வந்து உக்காரும். ஃபைல் தொறக்க நேரமாகும், ப்ளே பண்ணா கரகரன்னு வரும், நடு நடுவுல விட்டு விட்டு கேக்கும். இது ரேம், எஸ்எஸ்டி சம்பந்தப்பட்ட விஷயம், அங்க காசு போட்டா நெஜமாவே பலன் தெரியும். ஆனா டைப் பண்ணும்போது வர்ற இழுவைக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. சந்தேகமா இருந்தா ஃபைல ஒரு காப்பி எடுங்க, எல்லா வாத்தியத்தையும் அந்த சாஃப்ட்வேர் கூடவே வர்ற சாதா சவுண்டுக்கு மாத்துங்க, நோட் அடிக்கும்போது சத்தம் வர்ற ஆப்ஷன ஆஃப் பண்ணுங்க, அப்புறம் அதே பார்ல போய் அடிச்சுப் பாருங்க. அப்பவும் இழுத்தா பிரச்சனை சவுண்ட்ல இல்ல.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் பின்னணி இசைக்கு ஆர்கெஸ்ட்ரேஷன் பண்றவன், இதே கடுப்புல 64 ஜிபி ரேம் வாங்கிப் போட்டான். ப்ளேபேக் வெண்ண மாதிரி ஆயிடுச்சு, நோட் அடிக்கிறது அப்படியே தான் இருக்குன்னு ஃபோன் பண்ணி புலம்பினான். டாஸ்க் மேனேஜர தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு நோட் அடிடான்னேன். சிபியூ 13 பர்சன்ட் தான்டா காட்டுது, மெஷின் சும்மா தான் இருக்கு, அப்புறம் ஏன் இழுக்குதுன்னான். அவனோடது எட்டு கோர் மெஷின். நூற எட்டால வகுத்தா பன்னெண்டரை. அதாவது ஒரு கோர் நாக்கு தள்ள ஓடிட்டிருக்கு, மிச்ச ஏழும் வேடிக்க பாக்குது. அந்த கிராஃப கோர் வாரியா பிரிச்சுக் காட்டுற மாதிரி மாத்தினா ஒரே ஒரு கட்டத்துல மட்டும் கோடு உச்சில ஒட்டிக்கிட்டு நிக்கிறது பளிச்சுன்னு தெரியும்.

ஏன் ஒரு கோர் மட்டும்ங்கறது தான் இந்த விஷயத்தோட உயிர்நாடி, அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

431ஆவது பார்ல இருந்து ஒரு ஃபியூகாட்டோ வரும், அதாவது ஒரே தீம ஒவ்வொரு வாத்தியமா மாத்தி மாத்தி எடுக்கறது, பாட்டெல்லாம் நின்னுட்டு ஆர்கெஸ்ட்ரா மட்டும் நூறு பாருக்கு மேல ஓடுற எடம், 6/8ல ஸ்ட்ரிங்ஸ் நிக்காம எட்டாம் நோட் வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதுல வயோலால ஒரு நோட்டுக்கு நேச்சுரல் (ஷார்ப், ஃப்ளாட்ட ரத்து பண்ற குறி) போட மறந்து போச்சுன்னு வெச்சுக்கங்க, போய் சேக்கறோம். நம்ம கண்ணுக்கு அது துக்கடா வேல. உள்ள நடக்கறது இது. அந்த நேச்சுரலுக்கு நோட்டுக்கு எடது பக்கம் கொஞ்சம் எடம் வேணும். வயோலாவோட அந்த பீட் கொஞ்சம் வலது பக்கம் நகரும். ஆனா ஆர்கெஸ்ட்ரா ஸ்கோர்ல ஒரே நேரத்துல வாசிக்கிற எல்லா நோட்டும் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோட்டுல நிக்கணும், அதனால மேல ஃப்ளூட்ல ஆரம்பிச்சு கீழ டபுள் பேஸ் வரைக்கும் அந்த எடத்துல இருக்கிற எல்லாமே நகரும். பார் கொஞ்சம் அகலமாகும். லைன் (எல்லா ஸ்டாஃபும் சேந்த ஒரு வரிசை, சிஸ்டம்னும் சொல்வாங்க) ரெண்டு மார்ஜினுக்கும் நடுவுல சரியா நிக்கணும்ங்கறதால அதே லைன்ல இருக்கிற மத்த பார்கள் நெருக்கி உக்காரும். நெருக்க எடம் இல்லேன்னா கடைசி பார் அடுத்த லைனுக்கு தள்ளப்படும். அந்த லைன்ல இப்போ ஒரு பார் கூட, அங்க இருந்து ஒண்ணு அதுக்கு அடுத்ததுக்கு போகும். கல்யாணப் பந்தில எல செட்டா போட்டு முடிச்சப்புறம் நடுவுல ஒரு பெரியப்பா வந்து உக்காந்தா என்ன ஆகுமோ அதான், கடைசில இருக்கிற பையன் அடுத்த வரிசைக்குப் போவான், அந்த வரிசைல ஒருத்தர் அதுக்கு அடுத்ததுக்கு.

இது படுக்க வாக்குல நடக்கறது மட்டும். நெட்டு வாக்குல தனியா ஒரு கூத்து இருக்கு. ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் மேல என்னென்ன நீட்டிக்கிட்டிருக்கு, கீழ என்னென்ன தொங்குதுன்னு ஒரு வெளிக்கோடு கணக்கு போடுவாங்க, ஸ்லர்ங்கற வளைகோடு, சத்தம் ஏறி எறங்கறத காட்டுற ஹேர்பின், பலமா வாசின்னு சொல்ற எஃப்எஃப், பாட்டு வரி எல்லாம் அதுல அடக்கம். மேல் ஸ்டாஃபோட தொங்கலும் கீழ் ஸ்டாஃபோட நீட்டலும் முட்டிக்கக் கூடாது, முட்டினா ரெண்டுக்கும் நடுவுல எடம் விடணும். பார் ஒண்ணு அடுத்த லைனுக்கு போச்சுன்னா அது மேல இருந்த ஸ்லரும் ரெண்டா ஒடஞ்சு புதுசா வளையும், அதனால வெளிக்கோடு மாறும், ஸ்டாஃப் இடைவெளி மாறும், அந்த லைனோட மொத்த ஒசரம் மாறும், பக்கத்துல கொள்ளலேன்னா அடுத்த பக்கம். 29 ஸ்டாஃப் ஸ்கோர்ல கோரஸ் பாடுற எடத்துல ஒரு பக்கத்துக்கு ஒரு லைன் தான் கொள்ளும், அதனால ஒரு பார் தள்ளிப் போறதும் ஒரு பக்கம் தள்ளிப் போறதும் அங்க ஒண்ணு தான்.

இப்போ கோர் விஷயத்துக்கு வர்றேன். பத்தாவது லைன் எந்த பார்ல ஆரம்பிக்கும்னு ஒம்பதாவது லைன முடிச்சா தான் தெரியும். ஒம்பதாவதுக்கு எட்டாவது. ஒருத்தர் முடிச்சா தான் அடுத்தவருக்கு வேல, அப்புறம் எட்டு பேர வேலைக்கு வெச்சு என்ன பிரயோஜனம்? நோட்டோட தண்டு எந்தப் பக்கம், நோட்டுகள சேத்துக் கட்டுற பீம் எவ்ளோ சாய்வு மாதிரி சில்லறை வேலைகள பிரிச்சுக் குடுக்கலாம், டோரிக்கோங்கற நொட்டேஷன் சாஃப்ட்வேர எழுதினவங்க ஆரம்பத்துலயே பல கோர்ல ஓடுற மாதிரி யோசிச்சு கட்டினாங்க, ஆனா லைன் ஒடைக்கிற அந்த சங்கிலி சங்கிலியாவே தான் இருக்கும். அதனால ஆர்கெஸ்ட்ரா ஸ்கோருக்குன்னு மெஷின் வாங்கினா எத்தன கோர்னு பாக்காம ஒரு கோர் எவ்ளோ வேகம்னு பாருங்க. பதினாறு கோர் வொர்க்ஸ்டேஷன விட புது லேப்டாப் ஒண்ணு இதுல வேகமா ஓடினா ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, எல்லாத்தையும் எப்பவும் முழுசா கணக்கு போடணுமான்னா, வேண்டாம். மாத்தின எடத்துல ஆரம்பிச்சு, ஒரு லைன் பழையபடி அதே பார்ல ஆரம்பிக்குதுன்னா அங்கயே நிறுத்திக்கலாம், அதுக்கு கீழ எதுவும் மாறியிருக்காது. மியூஸ்ஸ்கோர்ங்கற இன்னொரு சாஃப்ட்வேரோட 3ஆவது வெர்ஷன் 2018 டிசம்பர்ல வந்தப்போ பெருசா சொன்ன விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு, மாறின பகுதிய மட்டும் திரும்ப அடுக்கறது. ஐடியா நல்லது தான். பிரச்சனை எங்கன்னா, நெரிசலா இருக்கிற ஸ்கோர்ல அந்த அலை அடங்கவே அடங்காது. ஒவ்வொரு லைனும் விளிம்பு வரைக்கும் நெறஞ்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு பார் வெளிய தள்ளப்படும், அது பாட்டுக்கு கடைசி பக்கம் வரைக்கும் போகும். கொஞ்சம் எடம் விட்டு தளர்வா இருந்தா ரெண்டு மூணு லைன்லயே சமாதானமாயிடும். அதனால டைப் பண்ற காலத்துல ஸ்டாஃப் சைஸ சின்னதா வெச்சு, பேப்பர பெருசா வெச்சு, லூசா விட்டுக்கங்க. அழகு பாக்கறதெல்லாம் கடைசில.

இதுக்கு ஒரு படி மேல, லைன பூட்டு போட்டு பூட்டிடறது. சிபெலியஸ்ங்கற சாஃப்ட்வேர்ல லாக் ஃபார்மேட்னு ரொம்ப காலமா இருக்கு, டோரிக்கோல லாக் சிஸ்டம், லாக் ஃப்ரேம்னு ரெண்டு இருக்கு, மியூஸ்ஸ்கோர்லயும் சிஸ்டம் லாக் வந்துடுச்சு. டைப் பண்ணி செக் பண்ணி முடிச்ச பகுதிய நான் அப்பப்போ பூட்டிட்டே வர்றேன். பூட்டின லைன்ல நேச்சுரல் போட்டா நெருக்கி உக்காருமே தவிர பார் வெளிய போகாது, அலை அங்கயே அணை கட்டின மாதிரி நிக்கும். என்னக் கேட்டா இந்த ஒண்ணு தான் மத்த எல்லா டிப்ஸையும் விட உருப்படியானது.

அடுத்து பாட்டு வரி. இது தான் எனக்கு இப்போ உயிர் போற எடம். 655ஆவது பார்ல டபுள் ஃபியூக், சோப்ரானோ ஒரு பக்கம் ‘ஃப்ராய்ட ஷோனர் கோட்டர்ஃபுங்கன்’னு ஆனந்தத் தீம பாடுவாங்க, அதே நேரத்துல ஆல்ட்டோ ‘ஸைட் உம்ஷ்லுங்கன்’னு வேற தீம், வேற வார்த்தை. ஜெர்மன் பாஷைல ஒரு அசைக்கே நாலஞ்சு எழுத்து வந்துடும். ஒவ்வொரு அசையும் அதோட நோட்டுக்கு நேர் கீழ நடுவுல நிக்கணும், பக்கத்து அசையோட ஒட்டக் கூடாது, நடுவுல ஒரு சின்ன ஹைஃபனுக்கு எடம் வேணும். அப்போ அந்த பாரோட அகலத்த நிர்ணயிக்கிறது ஸ்ட்ரிங்ஸ்ல ஓடுற எட்டாம் நோட்டா, இல்ல ஆல்ட்டோவோட வார்த்தையான்னு ஒவ்வொரு பீட்டுக்கும் போட்டி. ஃபான்ட்ல எழுத்து எழுத்தா அகலம் அளந்து கணக்கு போடணும். வரி டைப் பண்றதுக்கு முன்னாடி அந்த பக்கங்கள் ஓரளவு ஓடிச்சு, வரிய போட ஆரம்பிச்சதும் படுத்துடுச்சு. இப்போ எல்லா நோட்டையும் முடிச்சுட்டு வரிய கடைசில போடறேன், அதுவும் கோரஸ் நாலு ஸ்டாஃப் மட்டும் தெரியற மாதிரி மத்தத மறைச்சுட்டு. சிபெலியஸ்ல ஃபோகஸ் ஆன் ஸ்டேவ்ஸ், மியூஸ்ஸ்கோர்ல வாத்திய லிஸ்ட்ல இருக்கிற கண் படம், டோரிக்கோல அந்த ஆளுங்க மட்டும் இருக்கிற தனி லேஅவுட், எப்படியோ ஒரு வழி எல்லாத்துலயும் உண்டு.

மறைக்கிறத பத்தி பேசும்போது காலி ஸ்டாஃப மறைக்கிற ஆப்ஷன். இதுல ஒரு தமாஷ் இருக்கு. ட்ராம்போன் இந்த லைன்ல வாசிக்கலேன்னா அந்த ஸ்டாஃபையே காட்டாதங்கறது தான் ரூல். ஆனா இந்த லைன்ல வாசிக்குதா இல்லையான்னு தெரியணும்னா லைன் எங்க முடியுதுன்னு தெரியணும். ஒரு பார் உள்ள வந்தா மூணு ட்ராம்போன் ஸ்டாஃபும் கூடவே வரும், லைன் ஒசரம் எகிறும், பக்கம் ஒடையும். பிரிண்ட்டுக்கு இது இல்லாம முடியாது, 92ஆவது பார்ல செல்லோவும் பேஸும் மட்டும் தனியா அந்த தீம வாசிக்கிற எடத்துல 27 காலி ஸ்டாஃப் நின்னா யார் பாக்கறது. ஆனா டைப் பண்ற வரைக்கும் ஆஃப் பண்ணி வெச்சா கணக்கு ஒண்ணு மிச்சம். இல்லேன்னா கன்டினியூஸ் வியூவுக்கு போயிடலாம், பனோரமான்னும் கேலி வியூன்னும் சொல்வாங்க, லைனே ஒடையாம ஒரே நீட்டா போகும், பக்கம்ங்கற பேச்சே கெடையாது. 940 பார ஒரே நீட்டுல வெச்சா சில சாஃப்ட்வேர் அதுலயும் மூச்சு வாங்கும், உங்களோடதுல ட்ரை பண்ணிப் பாத்துக்கங்க.

இது எல்லாத்தையும் விட சத்தமில்லாம வேகத்த திங்கறது பார்ட்ஸ், அதாவது ஒவ்வொருத்தருக்கும் அவங்க வாசிக்கிறது மட்டும் இருக்கிற தனித் தாள். முன்ன காலத்துல ஸ்கோர முடிச்சுட்டு, அதுல இருந்து வயலின் பார்ட், ஓபோ பார்ட்னு தனித்தனி ஃபைலா பிரிச்செடுப்பாங்க. அதுக்கப்புறம் கண்டக்டர் ஒரு நோட்ட மாத்த சொன்னா ஸ்கோர்லயும் மாத்தணும் பார்ட்லயும் மாத்தணும், ஒண்ண மறந்தா ரிகர்சல்ல மானம் போகும். சிபெலியஸ் 4, 2005ல டைனமிக் பார்ட்ஸ்னு கொண்டு வந்துச்சு, ஸ்கோர்ல மாத்தினா பார்ட் தானா மாறும், நெஜமாவே பெரிய வரப்பிரசாதம். ஆனா சும்மா வராதுல்ல. ஒவ்வொரு நோட்டுக்கும் ஸ்கோர்ல ஒரு உருவம், பார்ட்ல ஒரு உருவம், ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கிற ஒரு நூல். பார்ட்ஸ் பிரிச்ச அன்னிக்கே ஃபைல் கனமாயிடும். அதனால பார்ட்ஸ நோட் அடிச்சு முடிக்கிற வரைக்கும் உருவாக்காதீங்க, உருவாக்கியாச்சுன்னா அந்த டேப்பயாவது மூடி வைங்க.

இந்த கதைய யோசிச்சா ஒண்ணு புரியும். சிபெலியஸ் மொதல்ல 1993ல ஏகார்ன் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு, ஃபின்ங்கற குடும்பப் பேர் உள்ள ரெட்டைப் பசங்க ரெண்டு பேர் அசெம்ப்ளில எழுதினது. அந்த காலத்து மெஷின்ல ஒரு நோட்ட மாத்தினா ஸ்கோர் பட்டுன்னு திரும்ப அடுக்கிக்கும்ங்கறது தான் அதோட பெருமையே. இன்னிக்கு நம்ம கையில இருக்கிற ஃபோனுக்கு முன்னாடி அந்த மெஷின் கால் தூசு. அப்புறம் ஏன் நம்மளோடது இழுக்குது? ஏன்னா அன்னிக்கு அது இவ்ளோ வேலைய பண்ணல. ஸ்லரும் டைனமிக்கும் (எஃப்எஃப் மாதிரி சத்த அளவு குறி) முட்டிக்கிட்டா நீயே மவுஸ்ல இழுத்து தள்ளி விட்டுக்கோன்னு விட்டுட்டாங்க. தானா ஒதுங்குற மேக்னட்டிக் லேஅவுட் 2009ல சிபெலியஸ் 6ல தான் வந்துச்சு. கட்டிப்போட்ட பார்ட்ஸ் பின்னாடி, நெஜ ஆர்கெஸ்ட்ரா மாதிரி சத்தம் பின்னாடி. நாம தான் ஒவ்வொண்ணா கேட்டோம், அவங்க ஒவ்வொண்ணா சேத்தாங்க, ஒவ்வொரு கீ அமுக்கும்போதும் அதெல்லாம் சேந்து ஓடுது. எனக்கு இதுல கோவம் வர்றது ஒரே விஷயத்துக்கு தான், இதெல்லாம் இப்போ வேணாம், நான் சொல்லும்போது பண்ணுன்னு சொல்றதுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தா போதும். ஃபினாலேங்கற பழைய நொட்டேஷன் சாஃப்ட்வேர்ல அது இருந்துச்சு. ஆட்டோமேட்டிக் மியூசிக் ஸ்பேசிங், ஆட்டோமேட்டிக் அப்டேட் லேஅவுட்னு ரெண்டு டிக், ரெண்டையும் எடுத்துட்டா அது பாட்டுக்கு அசிங்கமா தள்ளிக்கிட்டு நிக்கும், ஆனா அமுக்கின வேகத்துக்கு நோட் விழும். கடைசில ஒரு தடவ அப்டேட் பண்ணிக்கலாம். ஃபினாலே கஷ்டமான சாஃப்ட்வேர்னு திட்டினவங்க நெறைய பேர், நானும் அந்த கூட்டம் தான், ஆனா பெரிய ஸ்கோர் பண்ற பழைய ஆளுங்க ஏன் அத விட்டு வரலன்னு இப்போ தெரியுது. 1988ல ஆரம்பிச்சத 2024 ஆகஸ்ட் 26ஆம் தேதி இனிமே கெடையாதுன்னு அறிவிச்சு மூடிட்டாங்க.

அந்த ஸ்விட்ச்ச உச்சக்கட்டமா எடுத்துக்கிட்டது லிலிபாண்ட். இதுல ஸ்க்ரீன்ல ஸ்டாஃபே கெடையாது, வெறும் டெக்ஸ்ட் ஃபைல்ல நோட்ட எழுத்தா டைப் பண்ணணும், முடிச்சுட்டு ஓட்டினா பிடிஎஃப் வரும். டைப் பண்ணும்போது லேக்னு ஒண்ணு கெடையவே கெடையாது, நோட்பேட்ல என்ன லேக். ஆனா கடன மொத்தமா வட்டியோட கட்டணும், ஓட்டும்போது பெரிய ஸ்கோர்னா எழுந்து போய் காப்பி போட்டுட்டு வரலாம், ஏன்னா அது லைன் லைனா சமாளிக்காம மொத்தத்தையும் பாத்து எங்க ஒடைச்சா அழகுன்னு தேடும். அவசரத்துக்கு ஷோ லாஸ்ட் லெங்த்னு ஒண்ணு இருக்கு, கடைசி அஞ்சு பார மட்டும் வரைன்னு சொல்லலாம், இப்போ அடிச்சத மட்டும் பாத்துட்டு மேல போகலாம். எனக்கு பழகல, நோட்ட கண்ணால பாத்தா தான் காதுல விழும். ப்ரோக்ராமிங் தெரிஞ்சவங்களுக்கு சொர்க்கம்.

எல்லாரும் பண்ற இன்னொரு வழி ஃபைல வெட்டறது. இந்த மூவ்மென்ட்ல வெட்ட வாகான எடம் அதுவாவே இருக்கு, 331ல மார்ச், 595ல அந்தாந்தே மாயஸ்தோசோ, 655ல ஃபியூக், 763ல அல்லேக்ரோ, 851ல கடைசி ஓட்டம், எல்லா எடத்துலயும் டெம்போ மாறுது. அஞ்சாறு ஃபைலா வெச்சா ஒவ்வொண்ணும் பறக்கும். ஆனா வினை பின்னாடி வரும். சிம்பல் வாசிக்கிறவருக்கு மொதல்ல 330 பார் கிட்ட ரெஸ்ட், அத எங்க எப்படி எண்ணிட்டு வந்து சேரணும்னு பார்ட்ல தெரியணும், நடுவுல எங்க இருக்கோம்னு தெரிய பாட்டு க்யூ போடணும். மார்ச் முடிஞ்சப்புறம் கடைசி ப்ரெஸ்டிஸ்ஸிமோ வரைக்கும் திரும்ப ரெஸ்ட். ஃபைல் துண்டு துண்டா இருந்தா இந்த நீளமான ரெஸ்ட்டெல்லாம் ஒவ்வொரு ஃபைல் எல்லைலயும் ஒடஞ்சு நிக்கும், பார் நம்பர் ஒவ்வொரு ஃபைலுக்கும் கையால மாத்தணும், பக்க நம்பரும். ஒரே நோட்ட அடுத்த பாருக்கு நீட்டுற டை ஒண்ணு எல்லைய தாண்டிப் போச்சுன்னா அது தனி தலைவலி. டோரிக்கோல ஒரே ப்ராஜெக்ட்குள்ள ஃப்ளோன்னு தனித்தனி துண்டா பிரிக்கலாம், அது இதுக்கு கொஞ்சம் நாகரிகமான வழி. நான் நோட் அடிக்க மட்டும் வெட்டி வெச்சு, திருத்தம் பாத்துட்டு ஒரே ஃபைலா ஒட்டிடறேன், பார்ட்ஸ் அந்த ஒட்டின ஃபைல்ல இருந்து தான். ஒட்டும்போது வாத்திய வரிசை ஒவ்வொரு துண்டுலயும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கணும், இல்லேன்னா கிளாரினெட் போய் ஓபோல உக்காரும், அதுவும் சுதி மாறி ட்ரான்ஸ்போஸ் ஆகி.

சில்லறை விஷயங்கள் சீக்கிரமா சொல்லிடறேன். ஜூம் அவுட் பண்ணி நாலு பக்கம் ஒண்ணா தெரியற மாதிரி வெச்சுக்கிட்டு அடிக்காதீங்க, தெரியறதெல்லாம் ஒவ்வொரு தடவையும் வரையணும், 4கே மானிட்டர்னா இன்னும் மோசம். நேவிகேட்டர், டைம்லைன், மிக்சர் எல்லாம் மூடி வைங்க. ப்ராப்பர்ட்டீஸ் பேனல் தொறந்திருக்கும்போது கன்ட்ரோல் ஏ அடிச்சீங்கன்னா நோட் ஒவ்வொண்ணோட ஜாதகத்தையும் அது பாத்துட்டு வர்ற வரைக்கும் ஒக்காந்திருக்கணும். ஆட்டோசேவ ஆஃப் பண்ண சொல்ல மாட்டேன், சாவகாசமா நடக்கற மாதிரி நேரத்த கூட்டிக்கங்க, அதோட ஃபைல க்ளவுட் சிங்க் ஆகுற ஃபோல்டர்ல வெச்சு வேல பாக்காதீங்க, ஒவ்வொரு சேவுக்கும் அது வேற பின்னாடியே ஓடி வரும். கரன்ட் போற ஏரியான்னா யூபிஎஸ். சவுண்ட் வேணும்னு அடம் பிடிக்கிறவங்க நோட்பெர்ஃபார்மர பாருங்க, காசு குடுத்து தான் வாங்கணும், ஆனா ரேம பெருசா கேக்காது, ஸ்கோர முன்னாடியே கொஞ்சம் படிச்சுட்டு வாசிக்கும், அதனால ப்ளே அமுக்கினா ஒரு நொடி விட்டு தான் சத்தம் ஆரம்பிக்கும், அத லேக்னு நெனச்சு பயந்துடாதீங்க.

இப்போதைக்கு நான் ஃபியூக தாண்டி 763 கிட்ட வந்தாச்சு. பூட்டு போட்ட லைன்கள், மறைச்ச ஸ்டாஃப், மூடின பேனல்னு எல்லாம் சேந்து டைப் பண்ற வேகத்துக்கு கிட்டத்தட்ட வந்து நிக்குது. ஹார்ன் ரெண்டு பேர வெச்சு நாலு பேர் வேலைய எப்படி ஓட்டறதுங்கறது தான் அடுத்த கவலை, அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது. பழைய ஃபினாலே ஃபைல மியூசிக்எக்ஸ்எம்எல்லா (ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு ஸ்கோர கொண்டு போற பொது ஃபார்மேட்) மாத்தி எடுத்துட்டு வந்து அது ஏன் இன்னும் மெதுவா இருக்குன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. கையால நகர்த்தி வெச்ச டெக்ஸ்ட்டும் ஸ்லரும் லட்சக்கணக்குல கூடவே ஒட்டிக்கிட்டு வருது, மொதல்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பொசிஷன் ரீசெட் அடிச்சுட்டு அப்புறம் பாருங்க. அதப் பத்தி விவரமா இன்னொரு நாள் எழுதறேன், இதுவே அனுமார் வால் மாதிரி நீண்டு போச்சு.